போர்மட் அடிக்க முன்னம்: கப்பம் கேட்கும் வைரஸும் தகவல் களவும், அறிகுறி வாரியாக

திருகோணமலையில் கடைக் கணினி குழம்பினால் முதலாளியின் வாயில் முதலில் வருவது ஒரே வசனம்தான்: "தம்பி, ஒருக்கா போர்மட் அடிச்சு விடுங்கோ, நாளைக்குக் கடை திறக்கோணும்." சாதாரண வைரஸுக்கு அது சரிவரும். கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் ரான்சம்வேருக்கும், சத்தமில்லாமல் பாஸ்வேர்ட்களை அள்ளிக்கொண்டு போகும் மென்பொருளுக்கும் அதைச் செய்தால், கள்ளன் புகுந்த வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுப் பொலிசைக் கூப்பிட்ட கதையாகிவிடும். எப்படி வந்தான், எதைக் கொண்டுபோனான், திரும்பி வர வழி வைத்திருக்கிறானா என்ற மூன்றுக்கும் பதில் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும்.

உங்கள் திரையில் தெரிவது கீழே எந்தத் தலைப்போடு பொருந்துகிறதோ அங்கே நேரே போங்கள். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் முதலாவது தலைப்பிலிருந்து தொடங்குங்கள்.

கோப்பின் பெயருக்குப் பின்னால் புதிதாக ஒரு வால், எதுவும் திறக்கவில்லை

நேற்றுவரை திறந்த எக்ஸல் இன்றைக்குத் திறக்கவில்லை. படங்களின் சிறு உருவங்கள் போய் வெறும் வெள்ளைத் தாள் தெரிகிறது. ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் பின்னால் நாலைந்து எழுத்தில் அர்த்தமில்லாத ஒரு வால். கோப்புறைக்குக் கோப்புறை "ரீட்மீ" என்று ஓர் ஆங்கிலக் கடிதம். இது ரான்சம்வேர். சந்தேகப்படத் தேவையில்லை.

முதல் வேலை, வயரைக் கழற்றுவது. நெட்வேர்க் கேபிளை இழுங்கள், ரவுட்டரின் சுவிட்சை அணையுங்கள், குத்தியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கையும் பென் டிரைவையும் பிடுங்குங்கள். மத்திய வீதியில் முன்கடையில் ஒரு கணினி, பின்னால் ஸ்டோரில் ஒன்று, மாடியில் கணக்குப்பிள்ளைக்கு ஒன்று என்று ஒரே கோப்புறையைப் பகிர்ந்து வைத்திருக்கும் கடைகள் நிறைய. ஒன்றில் தொடங்கினால் பகிர்ந்த கோப்புறை முழுவதும் போகும். ஆகவே மற்றக் கணினிகளின் வயரையும் கழற்றுங்கள், அவை நன்றாக ஓடினாலும்.

அடுத்தது, கணினியை அணைப்பதா விடுவதா என்ற கேள்வி. கண்முன்னால் இன்னும் கோப்புகளின் பெயர் மாறிக்கொண்டிருந்தால் யோசிக்காமல் பவரைப் பிடுங்குங்கள், மிச்சமுள்ளதாவது தப்பும். யூபிஎஸ்ஸில் ஓடுகிற கணினி என்றால் சுவரில் அணைத்துப் பலனில்லை, யூபிஎஸ்ஸையே அணையுங்கள். எல்லாம் பூட்டி முடிந்து கடிதமும் வந்துவிட்டதென்றால் ஓடட்டும் என்று விடுங்கள், ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வன்னாக்ரையில், ரீஸ்டார்ட் செய்யாத சில பழைய விண்டோஸ் கணினிகளின் நினைவகத்திலிருந்தே சாவியை மீட்டெடுக்க ஒரு கருவி வந்தது. எல்லா வகைக்கும் அது நடக்காது. ஆனாலும் நடக்கக்கூடிய வாய்ப்பை நாமே ஏன் கெடுக்க வேண்டும்?

பிறகு போனை எடுத்துத் திரையைப் படம் பிடியுங்கள்: கடிதம், கோப்புகளின் புது வால், கடிதத்தின் அடியிலுள்ள அடையாள இலக்கம். கூகுள் டிரைவோ வன்டிரைவோ வைத்திருந்தால், அதே போனிலிருந்து உள்ளே போய்ப் பாருங்கள். பூட்டிய கோப்புகளே மேலேயும் ஏறியிருக்கும், பயப்பட வேண்டாம். கூகுள் டிரைவ் ஒரு கோப்பின் பழைய பதிப்புகளை 30 நாள் வரை வைத்திருக்கும். வன்டிரைவில் மைக்ரோசொப்ட் 365 சந்தா இருந்தால் முழுச் சேமிப்பையுமே கடந்த 30 நாளுக்குள் ஒரு தேதிக்குத் திருப்பலாம். இந்த 30 நாளைத்தான் ஆட்கள் "பிறகு பார்ப்பம்" என்று வீணாக்குகிறார்கள்.

இனி எந்த வகை என்று கண்டுபிடிக்க வேண்டும். நல்ல கணினி ஒன்றிலிருந்து "நோ மோர் ரான்சம்" தளத்துக்குப் போங்கள். நெதர்லாந்துப் பொலிசும் யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016 இல் தொடங்கியது, இலவசம். கடிதத்தையும் பூட்டிய கோப்பு ஒன்றையும் ஏற்றினால் வகையைச் சொல்லும், திறக்கும் கருவி இருந்தால் அதையும் தரும். ஏற்றுவதற்கு வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதியைத் தெரிவு செய்யாதீர்கள். ஏதாவது ஒரு பூப் படம் போதும்.

சிறு கடைகளிலும் ஸ்டூடியோக்களிலும் வீட்டுக் கணினிகளிலும் வரக்கூடியது பெரும்பாலும் ஸ்டொப் என்றும் டிஜேவு என்றும் சொல்லப்படும் குடும்பம். அதன் கடிதம் வழமையாக 980 டொலர் கேட்கும், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 என்று சொல்லும். இந்தத் தள்ளுபடி உங்களை அவசரப்படுத்துவதற்கு மட்டும்தான். அடையாள இலக்கத்தின் கடைசி இரண்டு எழுத்து "டி1" (t1) என்று முடிந்தால், பூட்டும் நேரத்தில் அது தன் சேர்வரோடு தொடர்புகொள்ள முடியாமல் பொதுச் சாவி ஒன்றைப் பாவித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் எம்சிசொப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் தரும் இலவசக் கருவியால் இன்றோ பின்னொரு நாளோ திறக்க வாய்ப்பு உண்டு. வேறு விதமாக முடிந்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அப்போதும் ஒரு விசயம் கைகொடுக்கலாம்: இந்தக் குடும்பம் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவைத்தான் பூட்டுகிறது. சிறு எக்ஸலுக்கு அது முழுக் கோப்பு. ஆனால் கலியாண வீடியோவுக்கோ பெரிய ஜிப் கோப்புக்கோ அது தலைப்பகுதி மட்டும். மிச்சத்தை மீட்கக் கருவிகள் உண்டு. போட்டோ ஸ்டூடியோக்காரர் இதைக் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும்.

இந்தக் காரணத்துக்காகத்தான் போர்மட் வேண்டாம் என்கிறேன். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, உறையில் போட்டு, தேதி எழுதி அலுமாரியில் வையுங்கள். புது எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு அதில் விண்டோஸ் ஏற்றுங்கள். நாளைக்குக் கடையும் திறக்கலாம், பழைய டிஸ்க்கும் கைவசம் இருக்கும். சாவி எப்போது வெளியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அழித்த டிஸ்க்குக்குச் சாவி கிடைத்தும் பிரயோசனம் இல்லை.

காசு கட்டலாமா? என் பதில், வேண்டாம். 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனம் 75 பிட்கொயின், அன்றைய மதிப்பில் 44 லட்சம் டொலர் அளவில் கட்டியது. கிடைத்த கருவி அவ்வளவு மெதுவானது என்று தங்கள் சொந்த பக்கப்பையும் வைத்துத்தான் வேலையைத் தொடர்ந்தார்கள். தவிர, இங்கே கிரெடிட், டெபிட் அட்டையால் பிட்கொயின் போன்ற மெய்நிகர் நாணயம் வாங்க மத்திய வங்கி அனுமதிக்கவில்லை. முகநூலில் "உங்கள் கோப்பை நாங்கள் திறந்து தருகிறோம்" என்று முற்பணம் கேட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள், அது இரண்டாம் தடவை ஏமாறுவதற்கு.

கடைசியாக, எல்லாரும் மறக்கும் பகுதி. டிஜேவு தனியே வருவதில்லை. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட்களைக் களவெடுக்கும் இன்னொரு மென்பொருளையும் பல வேளை கூட்டிக்கொண்டு வரும். ஆகவே கோப்புகள் போகட்டும், சேமித்த எல்லாப் பாஸ்வேர்ட்டும் வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு கணினியிலிருந்தோ போனிலிருந்தோ மாற்றுங்கள்: முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு முகநூல் பக்கம். மின்னஞ்சல்தான் மற்ற எல்லாவற்றுக்கும் திறப்பு.

எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலும் கிராக்தான், அதாவது காசு கட்டாமல் பாவிக்கப் பூட்டை உடைத்த மென்பொருள். இலவச போட்டோஷொப், இலவச ஒபிஸ், கீஜென். நிறுவ முன்னம் "வைரஸ் காட்டை ஓஃப் பண்ணுங்கள்" என்று ஒரு மென்பொருள் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பென் டிரைவில் இருந்த கோப்புகள் எல்லாம் ஷோட்கட் ஆகிவிட்டன

கொமியுனிகேஷனில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்தால் இது நடக்கும். ரான்சம்வேர் இல்லை. கோப்புகள் அங்கேயே மறைந்து இருக்கின்றன. ஷோட்கட்டைத் தொடாதீர்கள், தொட்டால்தான் வைரஸ் உங்கள் கணினிக்கு ஏறும். கோப்பு எக்ஸ்புளோரரின் அமைப்பில் மறைந்த கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட கணினிக் கோப்புகளையும் காட்டச் சொல்லுங்கள், உங்கள் கோப்புகள் மங்கலாகத் தெரியும். அவற்றை மட்டும் வேறிடத்துக்குக் கொப்பி பண்ணி, விண்டோஸோடு வரும் டிபெண்டர் வைரஸ் காட்டால் ஸ்கான் செய்த பிறகு பென் டிரைவைப் போர்மட் அடிக்கலாம். ஆம், இங்கே போர்மட் சரி.

கொமியுனிகேஷன் நடத்துகிறவருக்கு ஒரு சொல்: பிரின்ட் எடுக்கும் கணினியும் உங்கள் கணக்கும் வங்கியும் பார்க்கும் கணினியும் ஒன்றாக இருக்கக் கூடாது. ஊரெல்லாம் கொண்டுவரும் பென் டிரைவை அந்த ஒன்றில்தான் குத்துகிறீர்கள்.

திரை முழுவதும் சிவப்பு எச்சரிக்கை, சைரன் சத்தம், அழைக்க ஒரு தொலைபேசி இலக்கம்

வெறும் இணையப் பக்கம். அழைக்காதீர்கள். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள், முடிந்தது. ஏற்கெனவே அழைத்து, அவன் சொன்ன மென்பொருளைப் போட்டு உள்ளே விட்டுவிட்டீர்கள் என்றால் அது வேறு கதை. வயரைக் கழற்றிவிட்டு முதலாம் தலைப்பில் பாஸ்வேர்ட் மாற்றச் சொன்ன இடத்துக்குப் போங்கள்.

விருந்தாளிகளிடம் உங்கள் பெயரில் யாரோ காசு கேட்கிறார்கள்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவர்களுக்கு, மே தொடக்கம் செப்டெம்பர் வரை சீசன் உச்சத்தில் இருக்கும்போது வரும் தலையிடி. முன்பதிவு செய்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் கேட்பார்: "கார்ட்டை உறுதிப்படுத்தாவிட்டால் அறை ரத்து என்று உங்களிடமிருந்து செய்தி வந்ததே?" நீங்கள் அனுப்பவில்லை. ஆனால் செய்தி உங்கள் கணக்கிலிருந்தேதான் போயிருக்கிறது, வரும் தேதி, அறை, பெயர் எல்லாம் சரியாக.

இங்கே பூட்டும் கடிதமும் இல்லை, சிவப்புத் திரையும் இல்லை. கணினி வழமைபோல வேகமாக ஓடும். அதனாலேயே இதை நான் ரான்சம்வேரை விடப் பெரிதாகப் பார்க்கிறேன்.

வரவேற்பில் இருக்கும் பிள்ளையிடம் கோபப்படாமல் கேளுங்கள்: அண்மையில் முன்பதிவுத் தளத்தின் பெயரில், விருந்தாளியின் முறைப்பாடு என்றோ கெட்ட விமர்சனம் என்றோ மின்னஞ்சல் வந்ததா? அதை அழுத்தியபோது "நான் ரோபோ இல்லை" என்று டிக் போடச் சொன்னதா? அதற்குப் பிறகு விண்டோஸ் பொத்தானோடு ஆர் எழுத்தை அழுத்து, பிறகு கொன்ட்ரோலும் வீயும், பிறகு என்டர் என்று சொன்னதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால், கட்டளையைக் கணினிக்குக் கொடுத்தது அந்தப் பிள்ளையின் கைதான். வைரஸ் காட் எழும்பாததற்கும் அதுவே ஒரு காரணம். புக்கிங் டொட் கொம் போல வேடமிட்டு விடுதிகளைக் குறிவைத்த இந்தத் தந்திரத்தை மைக்ரோசொப்ட் 2025 மார்ச்சில் விளக்கமாக வெளியிட்டது, ஆரம்பம் 2024 டிசெம்பர். எந்த உண்மையான தளமும் நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க விண்டோஸ் பொத்தானை அழுத்தச் சொல்லாது.

செய்ய வேண்டியதின் ஒழுங்கு முக்கியம். அந்தக் கணினியை இணையத்திலிருந்து கழற்றுங்கள். வேறு சாதனத்திலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்ட்டை மாற்றி, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். பாஸ்வேர்ட் மாற்றம் மட்டும் போதாது. பிரவுசரில் "உள்ளே இருக்கிறார்" என்று காட்டும் குக்கியையும் கொண்டுபோயிருந்தால், பாஸ்வேர்ட் இல்லாமலே அவன் உள்ளே இருப்பான். பிறகு முன்பதிவுக் கணக்குக்கும் அதையே செய்து, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். கணக்குக்குள் உங்களுக்குத் தெரியாத புதுப் பயனர் யாராவது சேர்க்கப்பட்டிருக்கிறாரா, காசு போய்ச் சேரும் வங்கி இலக்கம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வரவிருக்கும் விருந்தாளிகள் எல்லாருக்கும் அன்றைக்கே எழுதுங்கள்: இப்படி ஒரு செய்தி வந்தால் கட்ட வேண்டாம், கட்டியிருந்தால் உங்கள் வங்கிக்குச் சொல்லுங்கள். வெட்கத்தில் இதைத் தள்ளிப்போடுகிறவர்களைத்தான் பிறகு விமர்சனங்களில் கிழிக்கிறார்கள்.

பாஸ்போர்ட் பிரதிகளையும் யோசியுங்கள். ஐந்து வருசத்துக்கு முன்னம் வந்து போனவரின் பிரதியும் டெஸ்க்டொப்பில் கிடந்தால், அதுவும் களவுபோனதில் சேர்த்தி. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவலை வைத்திருக்கிறவர் தலையிலேயே அதைக் காக்கும் பொறுப்பை வைக்கிறது, தேவை முடிந்தபின் வைத்திருக்காதே என்றும் சொல்கிறது. இல்லாத பிரதியை யாராலும் களவெடுக்க முடியாது.

வழமையான சப்ளையர் திடீரென்று "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்கிறார்

மின்னஞ்சலில் வந்தால் பழைய தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். மின்னஞ்சலின் அடியில் உள்ள இலக்கத்துக்கு அல்ல. வங்கிக்கு வங்கி காசு மாற்றும் சீஃப்ட்ஸ் வழியாக அனுப்பும் காசு உடனேயே அங்கே விழுந்துவிடும், அதற்குப் பிறகு திருப்புவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அனுப்பிவிட்டீர்கள் என்றால் முதலில் உங்கள் வங்கி, பிறகு பொலிஸ், மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது கடைசி.

பிறகு உங்கள் மின்னஞ்சலின் அமைப்புக்குள் போய், பில்டர், போர்வர்டிங் இரண்டையும் பாருங்கள். "இன்வொய்ஸ்" என்ற சொல் வரும் கடிதம் எல்லாம் உங்களுக்குத் தெரியாத முகவரிக்குப் போகும்படியோ குப்பைக்குப் போகும்படியோ விதி ஒன்று இருந்தால், வாரக்கணக்காக ஒருவன் உங்கள் கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான். ஒன்றும் இல்லையென்றால் சப்ளையரின் பக்கம்தான் ஓட்டை, அவருக்குச் சொல்லுங்கள்.

மவுஸ் தானாக அசைகிறது, காலையில் வந்தால் யாரோ வேலை செய்த அடையாளம்

மவுஸ் பழுதாகவும் இருக்கலாம், முதலில் வேறு மவுஸ் குத்திப் பாருங்கள். ஆனால் கொழும்பிலிருந்து கணக்காளரோ மென்பொருள் விற்றவரோ உள்ளே வருவதற்காக தூரத்திலிருந்து கணினியை இயக்கவிடும் ரிமோட் டெஸ்க்டொப்பைத் திறந்து, ரவுட்டரிலும் அதற்கான வாசலான 3389 ஆம் போர்ட்டைத் திறந்து விட்டுப் போயிருந்தால் அலட்சியம் வேண்டாம். டார்மா, போபோஸ் போன்ற ரான்சம்வேர்க் குழுக்கள் தேடித் திரிவது இந்தத் திறந்த கதவைத்தான். பூட்டுவது கடைசி வேலை. அதற்கு முன்னம் சாவகாசமாகச் சுற்றிப் பார்ப்பார்கள், வைரஸ் காட்டை அணைப்பார்கள், பக்கப்பை அழிப்பார்கள்.

விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் பாதுகாப்புப் பதிவைத் திறந்து பாருங்கள். 4625 என்ற இலக்கம் தோல்வியடைந்த நுழைவு. நள்ளிரவில் அது வரிசையாக நூற்றுக்கணக்கில் நின்றால் யாரோ பாஸ்வேர்ட்டை ஊகித்துக்கொண்டிருக்கிறான். அதற்குப் பின்னால் அறிமுகமில்லாத இடத்திலிருந்து 4624 ஒன்று வந்தால் ஊகம் பலித்துவிட்டது. 1102 இருந்தால் பதிவையே யாரோ அழித்திருக்கிறார்கள். பதிவைப் பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொண்டு ரவுட்டரில் அந்தப் போர்ட்டை மூடுங்கள். மென்பொருள்காரருக்குக் கோபம் வந்தால் வரட்டும். அவர் கேட்கும்போது மட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து, எனிடெஸ்க் போல ஒன்றைத் திறந்துவிட்டு வேலை முடிந்ததும் மூடினால் போதும்.

வட்ஸ்அப் தானாக வெளியேறிவிட்டது

ஆறு இலக்கக் குறியீட்டை யாருக்கோ கொடுத்திருப்பீர்கள். அதே இலக்கத்தால் மீண்டும் பதிவு செய்யுங்கள், எஸ்எம்எஸ் குறியீட்டைப் போட்டவுடன் அவன் வெளியேறுவான். அவன் பின் (PIN) இலக்கம் போட்டு வைத்திருந்தால் நீங்கள் ஏழு நாள் பொறுக்க வேண்டும், ஆனாலும் அந்தக் குறியீட்டோடு அவனுக்கும் கதவு மூடிவிடும். கிண்ணியா நானாவோ மூதூர் அண்ணையோ உங்கள் பெயரில் கேட்டதை நம்பிக் காசு போட முன்னம், எல்லாருக்கும் அழைத்துச் சொல்லுங்கள். எழுத்தில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

யாருக்கு அறிவிப்பது

கணினித் தாக்குதல்களுக்கு உதவும் இலங்கை சேர்ட் நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 101. பொலிசிலும் முறைப்பாடு எழுதுங்கள், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இது குற்றம். பிடிபடுவானோ இல்லையோ, வங்கியோடும் வாடிக்கையாளரோடும் பேச அந்த முறைப்பாட்டின் பிரதி தேவைப்படும்.

பக்கப் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை

2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையை ரான்சம்வேர் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின, சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்தக் காலத்துக்குப் பக்கப்பே இருக்கவில்லை. அதற்கு மாறாக 2017 யூனில் நொட்பெட்யா என்ற வைரஸ் மார்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளை அழித்தபோது, உலகம் முழுவதிலும் ஒரே ஒரு முக்கிய சேர்வர் மட்டும் தப்பியது. கானாவில் இருந்தது, அந்த நேரம் அங்கே மின்வெட்டு. நம்மைத் திட்டவைக்கும் பவர் கட் ஒன்று அங்கே முழு நிறுவனத்தையும் காப்பாற்றியது. ஆகவே பக்கப் எடுத்த டிஸ்க் எப்போதும் குத்தியே இருந்தால் அது பக்கப் இல்லை.

இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், வாரத்துக்கு வாரம் மாற்றுங்கள். எடுக்கும் நேரம் மட்டும் குத்துங்கள். மழைக்காலத்தில் கடைக்குள் தண்ணீர் வந்தாலும் உவர்மலை வீட்டில் இருப்பது நனையாது. ஒரு பிரதி இணையச் சேமிப்பிலும் இருக்கட்டும். பில் அடிக்கும் மென்பொருள் தானே பக்கப் எடுக்கிறது என்று விற்றவர் சொன்னால், எந்தக் கோப்புறைக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் அதே கணினியின் டி டிரைவாக இருக்கும்.

மாதத்துக்கு ஒரு போயா நாளில், கடை மூடியிருக்கும்போது, அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் குத்தி போன மாதக் கடன் கணக்கைத் திறந்து பாருங்கள். கடைசி வரி சரியாக இருந்தால் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். திறக்கவில்லையென்றால் அடுத்த நாள் கடை திறக்க முன்னம் புது டிஸ்க் வாங்கி, புதிதாக எடுங்கள்.